கேமரன் மலை: தேயிலைக்கு மேலே ஒரு காடு

கோலாலம்பூரில் விடியற்காலை கிளம்பி, கேமரன் மலையில் ஒரு தேநீர் குடித்து, ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், நடுவில் கீ ஃபார்ம் சந்தைப் பக்கம் வண்டிகளுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும் நேரம் தனி. அதை மலையைப் பார்த்த கணக்கில் சேர்க்க முடியாது. இந்த அத்தியாயம் குறைந்தது இரண்டு இரவு தங்க மனமும், வழுக்கும் வேர்கள்மேல் இரண்டு மூன்று மணி நேரம் நடக்கக் காலும் உள்ளவர்களுக்காக எழுதியது. மற்றவர்களுக்குத் தேயிலைத் தோட்டப் பகுதி மட்டும் போதும். அதை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம்.

முதலில் ஊரின் அமைப்பு. கேமரன் மலை பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. மேற்கே பேராக், வடக்கே கிளந்தான். தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடரில், கருங்கல் மலைகளுக்கு நடுவே உயரமாக அமைந்த பள்ளத்தாக்குகள். 1885-இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயர்தான் மலைக்கு. ஆனாலும் தாப்பாவிலிருந்து மேலே வண்டிச் சாலை போட்டு முடிக்க 1930-கள் ஆகிவிட்டன. ஊர்கள் ஒரே சாலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போகும்: தெற்கே தாழ்வில் ரிங்லெட், அதற்கு மேல் ஹாபு, பிறகு சுமார் 1,440 மீட்டரில் தானா ராத்தா, அதற்கும் மேலே பிரிஞ்சாங், கீ ஃபார்ம், திரிங்காப், கோலா தெர்லா, கடைசியில் கம்போங் ராஜா.

இந்த மலையை ஒரு தீவாக நினைத்துக்கொண்டால் இங்கே பார்க்கப்போவது எளிதாகப் புரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். கீழே தாப்பாவில் வியர்வையில் நனைந்து நிற்கும்போது பிரிஞ்சாங் உச்சியில் கம்பளிச் சட்டை தேடுவார்கள். குளிருக்குப் பழகிய மரமும் பறவையும் கீழே இறங்கி, வெப்பமான சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போக முடியாது. பூமி குளிர்ந்திருந்த பனியுகங்களில் மலைக்காடு இன்னும் கீழே வரை பரந்திருந்தது. பிறகு வெப்பம் ஏற ஏற அதுவும் மேலே ஏறி, உச்சிகளில் ஒதுங்கிவிட்டது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் சோலைக்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தத் தீவின் கரையைச் சுற்றிப் போட்ட பச்சைக் கம்பளம்தான் தேயிலை. வருகிறவர்களில் பெரும்பாலோர் கம்பளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

எப்போது, எந்த வழியில்

மழை இல்லாத மாதம் என்று இங்கே எதுவும் இல்லை. ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் ஓரளவு வறட்சி. அக்டோபர், நவம்பரில் மழை அதிகம், மண்சரிவும் உண்டு. எந்த மாதமானாலும் மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் பிடிக்கும். அதனால் நடை எதுவானாலும் காலை ஏழு, ஏழரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடிப்பது நல்லது. பகலில் 20 முதல் 25 பாகை வரை இருக்கும்; இரவில் 15 பக்கம் இறங்கும். விடுதிகள் பலவற்றில் மின்விசிறிகூட இருக்காது, தேவையும் இல்லை.

மாதத்தைவிடக் கிழமை முக்கியம். சனி ஞாயிறும், பள்ளி விடுமுறையும், சீனப் புத்தாண்டும், தீபாவளி விடுப்பும் வந்தால் பிரிஞ்சாங்கிலிருந்து கீ ஃபார்ம் வரையுள்ள சில கிலோமீட்டரை நடந்தே சீக்கிரம் கடந்துவிடலாம். செவ்வாய் முதல் வியாழன் வரை வாருங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்கு 'போ' தேயிலை நிறுவனத்தின் தேநீர் நிலையங்களுக்கு விடுமுறை.

மேலே வர இரண்டு சாலைகள். தாப்பாவிலிருந்து வரும் 59-ஆம் எண் சாலை பழையது, குறுகலானது, தானா ராத்தா வரை 60 கிலோமீட்டர் போல வளைந்துகொண்டே ஏறும். காடு இரு பக்கமும் நெருங்கி நிற்கும் அழகான வழி. குழந்தைகளுக்கு வாந்தி வரும் வழியும் அதுதான். ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு வரும் சாலை அகலமானது, வளைவுகள் குறைவு. ஆனால் வழி நெடுகக் காய்கறிக்காகச் சீவிய மலைகளையும் பிளாஸ்டிக் கூரைகளையும் பார்த்துக்கொண்டே வரவேண்டும். ஏறும்போது சிம்பாங் பூலாய், இறங்கும்போது தாப்பா என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் பார்த்துவிடலாம். ரயில் மேலே வராது. பேருந்தில் வருபவர்கள் கோலாலம்பூரின் தெற்கு ஒருங்கிணைந்த முனையத்தில் ஏறினால் தானா ராத்தாவின் ஃப்ரீசியா முனையத்தில் இறங்கலாம். அதன் அருகிலேயே மணிக்கணக்கு வாடகைக்கு டாக்சி கிடைக்கும். கிராப் வண்டியை நம்பி ஒரு நாளைத் திட்டமிட வேண்டாம்.

தங்க நான் சொல்வது தானா ராத்தாதான். பிரிஞ்சாங்கில் பெரிய விடுதிகளும் இரவுச் சந்தையும் இருக்கின்றன, வண்டி நெரிசலும் இருக்கிறது. தானா ராத்தாவில் விடுதி வாசலிலிருந்தே நான்கைந்து காட்டுப் பாதைகளுக்கு நடந்து போய்விடலாம். கடைத்தெருவில் தோசையும் வாழை இலைச் சாப்பாடும் ரொட்டி சானாயும் கிடைக்கும். பேச்சும் தமிழிலேயே நடக்கும்.

தோட்டம்

1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனம்தான் மலேசியாவின் மிகப் பெரிய தேயிலை நிறுவனம். மலையில் அதன் தோட்டங்களில் பயணிகள் போவது இரண்டுக்கு: ஹாபுவிலிருந்து பிரிந்து போகும் பழைய போ தோட்டம், கீ ஃபார்மைத் தாண்டிப் பிரியும் சுங்கை பாலாஸ். மூன்றாவதாக, ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே பெருஞ்சாலையை ஒட்டியே பாரத் நிறுவனத்தின் கேமரன் வேலி தோட்டம் இருக்கிறது; 1933-இல் அகர்வால் குடும்பம் தொடங்கியது. நேரமில்லாதவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள இதுவே வசதி.

ஒரே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் சுங்கை பாலாஸ். பள்ளத்தாக்கின் மேல் அந்தரத்தில் நீட்டிக் கட்டிய மேடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். தொழிற்சாலைக்குள் இலை வாடவைப்பது முதல் பொடி சலிப்பது வரை கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஏறக்குறைய 5 கிலோ பச்சை இலைதான் 1 கிலோ தூளாகிறது. கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் அந்த ஒற்றை வண்டிச் சாலையில் எதிரே ஒரு சுற்றுலாப் பேருந்து வந்தால் பின்னுக்கு எடுக்க வேண்டியது நீங்கள்தான்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு என் பரிந்துரை ஹாபு வழி போ தோட்டம். குறுகிய சாலை, தோட்டத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து போகும். லயன் வீடுகள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் வழியில் வரும். இந்தச் சரிவுகளைக் காட்டிலிருந்து மீட்டு முதல் செடி வைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். தோட்டம் தொடங்கிப் பத்தாண்டு நிறைவதற்குள், 1938-இல், மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஆக, இங்கே வேர்விட்ட குடும்பங்கள் அந்தச் சில ஆண்டுகளில் வந்தவர்களும், கீழே ரப்பர் தோட்டங்களிலிருந்து மேலே ஏறியவர்களும்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் இப்போது ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். இன்று சரிவில் நிற்பவர்களில் பங்களாதேஷ், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். கூடையைத் தலையில் மாட்டி விரலால் கொழுந்து கிள்ளும் காட்சியை எதிர்பார்த்து வந்தால் ஏமாறுவீர்கள். கத்தரியும், இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துப் போகும் இயந்திரமும்தான் இப்போது இலை எடுக்கின்றன.

படம் எடுப்பவர்களுக்கு இரண்டு சொல். சில சரிவுகள் பழுப்பாக, குச்சி குச்சியாக நிற்கும். செடி செத்துவிட்டதென்று நினைக்க வேண்டாம், கவாத்து வெட்டியிருக்கிறார்கள். வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். அடுத்தது, செடி வரிசைக்குள் இறங்காதீர்கள். பக்கவாட்டுக் கிளை முறிந்தால் அந்த இடம் மறுபடி மூட நாளாகும்; மருந்தடித்த நாளாக இருந்தால் உங்களுக்கும் நல்லதல்ல. வேலை செய்பவரைப் படம் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். வயதானவராக இருந்தால், "ஐயா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று தமிழிலேயே கேட்கலாம். படத்தோடு சேர்த்து அரை மணி நேரக் கதையும் கிடைக்க வாய்ப்புண்டு.

பாசிக்காடு

சுங்கை பாலாஸ் கிளைச்சாலையில் திரும்பாமல் நேரே ஏறினால் குனோங் பிரிஞ்சாங் மலை. 2,030 மீட்டருக்குச் சற்று மேல். தீபகற்ப மலேசியாவில் வண்டி போகக்கூடிய மிக உயரமான சாலை இதுதான் என்பார்கள். தார் பல இடங்களில் பெயர்ந்து குழிகளாக இருக்கும், சரிவும் கடுமை. சிறிய கார் வைத்திருப்பவர்கள் வீரம் காட்டாமல் லேண்ட் ரோவர் அரைநாள் சுற்றுலாவில் சேர்ந்துவிடுவது புத்திசாலித்தனம். இந்த மலையில் விவசாயிகளும் வழிகாட்டிகளும் இன்றும் ஓட்டும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் ஒரு பார்வைக் கோபுரமும் இருக்கின்றன. அதற்குக் கொஞ்சம் கீழே, சாலையோரத்தில்தான் பாசிக்காட்டின் வாசல்.

தேயிலைச் சரிவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இங்கே மேகம் மரத்துக்குள் புகுந்து போய்க்கொண்டிருக்கும். காற்றும் குளிரும் சத்தில்லாத மண்ணும் சேர்ந்து மரங்களைக் குட்டையாக, முறுக்கி வளர்த்திருக்கின்றன. கிளை, வேர், விழுந்த மரம் எல்லாம் பாசி. அந்தப் பாசி மழையை மட்டும் நம்பியில்லை; கடந்துபோகும் மேகத்திலிருந்தே ஈரத்தை வடித்து எடுத்துக்கொள்ளும். அடியில் இருப்பது மண் என்பதைவிட மக்கியும் மக்காமலும் படிந்த இலைதழை மெத்தை என்பது பொருத்தம். கழியை ஊன்றினால் பாதி உள்ளே போகும். பெர்த்தாம், தெலோம் ஆறுகளின் தொடக்கம் இந்த மாதிரிக் காடுகள்தான். இதை ஒருவர் மிதித்துச் சேறாக்கினால் சரியாக எத்தனையோ ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். படம் நன்றாக வரும் என்று அதை விட்டு இறங்குபவர்களிடம் எனக்கு இரக்கமில்லை.

பாதையின் இரு பக்கமும் மெதுவாகப் பாருங்கள். கண் உயரத்தில் கெண்டிச் செடிகள் தொங்கும். மலாய்க்காரர்கள் இதைக் குரங்குப் பானை என்கிறார்கள். பூச்சி அதற்குள் வழுக்கி விழுந்து கரைவதுதான் செடிக்கு உரம். மண்ணில் கிடைக்காததை அது காற்றில் பறப்பதிடம் வாங்கிக்கொள்கிறது. விரலை உள்ளே விட வேண்டாம். சிறிய ஆர்க்கிட்கள், காட்டு ரோடோடெண்ட்ரான் பூக்கள், மரத்தோடு ஒட்டிய பன்னங்கள் என்று ஒரு நூறு மீட்டரைக் கடக்க அரை மணி நேரம் ஆனால் சரியாக நடக்கிறீர்கள் என்று பொருள்.

இங்கிருந்துதான் குனோங் இராவுக்குப் பாதை பிரிகிறது. 2,110 மீட்டர். உயரம் கூடுவது நூறு மீட்டர் கூட இல்லையே என்று பார்த்து ஏமாறக்கூடாது. ஏறி இறங்கி, முழங்கால் வரை சேற்றில், வேர்களைக் கையால் பிடித்து, போக மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வனத்துறை அனுமதி வேண்டும், உரிமம் பெற்ற வழிகாட்டியும் வேண்டும். காடு ஆற வேண்டும் என்று அவ்வப்போது மூடியும் வைப்பார்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு கேட்பதைவிட விடுதிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எண் போட்ட பாதைகள்

தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கத்துக் காட்டுப் பாதைகளுக்கு 1 முதல் 14 வரை எண் உண்டு. கடைகளில் விற்கும் வரைபடம் பார்க்க எளிது, பாதைகள் அப்படியல்ல. சில இடங்களில் பலகை விழுந்திருக்கும், சிலவற்றை மரமோ மண்சரிவோ மறித்திருக்கும். "அண்ணே, பத்தாம் நம்பர் இப்ப திறந்திருக்கா?" என்று காலையில் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போவது வரைபடத்தைவிட நம்பகமானது.

குழந்தைகளோடு வருபவர்களுக்கு 4-ஆம் பாதை. ஊரிலிருந்தே பாரிட் அருவி வழியாகப் போகும் சின்ன நடை. அருவியில் சில நாள் குப்பை மிதக்கும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். எனக்குப் பிடித்தது 9A. ராபின்சன் அருவியைப் பார்த்துக்கொண்டே இறங்கி, ஹாபு பக்கம் போ தோட்டச் சாலையில் போய்ச் சேரும். காடு முடியும் இடத்தில் வெளிச்சம் திறந்து காய்கறித் தோட்டங்கள் தெரியும்; அங்கிருந்து சாலை வழியே தேநீர் நிலையம் வரை போய்விடலாம். திரும்ப வண்டி பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதே தொடக்கத்திலிருந்து பிரியும் வெறும் 9 வேறு, செங்குத்து, தவிருங்கள். அரைநாள் ஏற்றம் வேண்டுமானால் 10-ஆம் பாதையில் குனோங் ஜாசார். கால் பலம் உள்ளவர்களுக்கு குனோங் பெரெம்பான், 1,800 மீட்டருக்கு மேல். ஒரு பாதையில் ஏறி இன்னொன்றில் இறங்கலாம்.

தனியாகப் போகாதீர்கள். எந்த எண், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இது சடங்குக்குச் சொல்வதல்ல. தாய்லாந்துப் பட்டுத்துணியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில், தானா ராத்தாவுக்கு அருகே மூன்லைட் பங்களாவிலிருந்து வெளியே நடந்து போனார். போலீசும் ராணுவமும், பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களில் தடம் பார்ப்பவர்களும் நாள்கணக்கில் தேடினார்கள். ஒரு பொருள்கூட அகப்படவில்லை. அவர் முன்னாள் உளவு அதிகாரி என்பதால் கடத்தல், கொலை என்று இன்றுவரை கதைகள் ஓடுகின்றன. இந்தக் காட்டில் பத்தடி விலகி நின்றவரையே பார்க்க முடியாது என்பதை நேரில் கண்டவர்களுக்குக் கடத்தல் கதை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

காலணிக்கு ஒரு யோசனை. விலையுயர்ந்த மலையேற்றக் காலணியைச் சேற்றில் நாசமாக்காமல், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் கறுப்பு ரப்பர் காலணியை வாங்கிக்கொள்ளுங்கள். ரப்பர் மரம் சீவுபவர்கள் போடுவது. கம்போங் அடிடாஸ் என்று செல்லப்பெயர். அடியில் சிறு குமிழ்கள் உண்டு, வழுக்காது, தண்ணீரில் அலசினால் வேலை முடிந்தது. உள்ளூர் வழிகாட்டிகளின் காலில் இருப்பதும் அதுதான். அத்துடன் மழைச்சட்டை, தண்ணீர், கைவிளக்கு. அட்டை தாழ்வான பாதைகளில் இருக்கும்; உப்பு ஒரு பொட்டலம் போதும்.

பறவையும் மற்றவையும்

யானை, புலி பார்க்க இங்கே வரவேண்டாம். இந்த மலை பறவைக்காரர்களுடையது. குனோங் பிரிஞ்சாங் சாலையில் காலை ஏழு மணிக்கு மெதுவாக நடந்தாலே போதும். வெள்ளிக்காது மெசியா என்ற மஞ்சளும் சிவப்புமான குருவிகள் கூட்டமாக வரும். நீள வால் சிபியா மனிதருக்குப் பயப்படாமல் அருகிலேயே உட்காரும். சில்வண்டு போல ஒரு சத்தம் ஏறி ஏறி ஒலித்தால் அது சில்வண்டாக இல்லாமல், மூக்கின்மேல் தீக்கொழுந்து போல முடி வைத்த குக்குறுவானாக இருக்கலாம். தீபகற்ப மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாதவையும் உண்டு: மலாயாச் சிரிப்பான், உடலெல்லாம் கண்புள்ளி உடைய மலைமயில் கோழி, நம் ஊர்ச் சீகாரப் பூங்குருவிக்கு உறவான மலாயாப் பூங்குருவி. பின்னிரண்டையும் பார்ப்பது அதிர்ஷ்டம். பதிவு செய்த பறவைக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டு அழைக்கும் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. கூடு கட்டும் காலத்தில் அது அவற்றுக்குத் தொல்லை, விட்டுவிடலாம். தாழ்ந்த காடுகளில் காலையில் சியாமாங் குரங்குகளின் கூவல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். ஆளைப் பார்ப்பது அரிது.

ராஃப்லேசியா பார்க்க ஆசைப்படுபவர்கள் கிளந்தான் எல்லை தாண்டி லோஜிங் பக்கம் போகவேண்டும். மொட்டு முதிர மாதக்கணக்கில் ஆகும். விரிந்த பூ ஒரு வாரத்துக்குள் அழுகிவிடும். எங்கே பூத்திருக்கிறது என்று அந்தக் காட்டில் வாழும் ஒராங் அஸ்லி மக்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கு உரிய கூலி கொடுத்து, அவர்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று பாருங்கள். பூக்கவில்லை என்று சொன்னால் நம்பித் திரும்புங்கள்.

சாப்பாடும் சாமானும்

ஸ்டீம்போட் என்ற கொதிக்கும் சூப்புச் சட்டியில் கீரையும் காளானும் மீனும் போட்டு உண்பது இங்கே இரவுச் சாப்பாடு; குளிருக்கு ஏற்றது, கீரை அன்று பறித்ததாக இருக்கும். சோளமும் சர்க்கரைவள்ளியும் வாங்கலாம். ஸ்ட்ராபெரி புளிக்கும். பேருக்கு ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகிறவர்கள் மாலையில் போங்கள். தைப்பூசத்தின்போது வந்தால் அறை கிடைப்பது கஷ்டம்.

பைகளில் தொங்கும் கெண்டிச் செடி, காட்டு ஆர்க்கிட், கண்ணாடிச் சட்டத்தில் குத்திய பட்டாம்பூச்சி எதையும் வாங்காதீர்கள். கீழே எடுத்துப் போனால் வெப்பத்தில் அந்தச் செடி பிழைக்காது.

இறங்கும் நாள்

தாப்பா வழியில் இறங்கினால் முதலில் ரிங்லெட் ஏரி. சுல்தான் அபு பாக்கார் அணை தேக்கியது. இந்தத் தண்ணீர் சுரங்கம் வழியே பேராக் பக்கம் போய் மின்சாரமாகிறது. தோட்டச் சரிவுகளிலிருந்து வழிந்த மண்ணால் ஏரி கலங்கியே கிடக்கும், தூர்வாரும் இயந்திரங்கள் ஓயாமல் நிற்கும். அணைக்குக் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் வண்டி நிறுத்தி உட்காரவேண்டாம். 2013 அக்டோபர் 23 அதிகாலை, பெருமழையில் அணையைத் திறந்தபோது அங்கே உயிர்ச்சேதம் ஏற்பட்டது. சைரன் கேட்டால் பொருளை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

இன்னும் கீழே, சாலையை ஒட்டி லதா இஸ்கந்தர் அருவி. வெயில் உள்ள காலையில் ஓடையோர ஈரமண்ணில் ராஜா ப்ரூக் பட்டாம்பூச்சிகள் உப்பு உறிஞ்ச இறங்கும்: கறுப்பு இறக்கையில் பளிச்சென்ற பச்சைப் பற்கள், சிவந்த கழுத்து. 1855-இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் பெயரிட்டது. மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சி. அசையாமல் நின்றால் காலடி வரைக்கும் வரும். அதே அருவிக் கடைகளில் அதன் சட்டமிட்ட உடல்களும் விற்பனைக்கு இருந்தால் விலை கேட்காமல் நகருங்கள். பிறகு தாப்பா வரை இரண்டாம் கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் கருகும் வாடை வரும். பெட்ரோலை மேலே தானா ராத்தாவிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.